ரியர்செட் மாட்டும் முன்னும் பின்னும்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, பந்தல்குடி என்று அருப்புக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற வண்டிகள் இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஓர் எண்ணம் வருகிறது: கம்பெனி கொடுத்த ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, உயரத்தையும் தூரத்தையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய ரியர்செட் மாட்ட வேண்டும். அந்த வேலையை வீட்டு வாசலிலோ தெரிந்த மெக்கானிக்கின் பட்டறையிலோ ஒழுங்காகச் செய்து முடிப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. முழுதாகப் படித்தபின் மாட்ட வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். நான்கு போல்ட்டை அவிழ்த்து முடுக்கும் வேலை போலத் தெரிந்தாலும் இதில் பின் பிரேக் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால் சாவகாசமாகப் படியுங்கள்.

ரியர்செட் என்பது ஃபுட்ரெஸ்ட் மட்டுமல்ல. சேஸில் பொருந்தும் இரண்டு அலுமினியத் தகடுகள், அவற்றில் வரிசையாகத் துளைகள், ஃபுட்ரெஸ்ட், இடப்பக்கம் கியர் லீவரும் அதை என்ஜினோடு இணைக்கும் கம்பியும், வலப்பக்கம் பிரேக் பெடலும் மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் இடமும் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். எந்தத் துளையில் போல்ட்டைப் போடுகிறோமோ அதைப் பொறுத்துக் கால் மேலேயோ பின்னாலோ நகரும். பெரும்பாலான செட்கள் மேலும் பின்னும் மட்டுமே நகர்த்தும். கீழே இறக்குபவை குறைவு. முழங்கால் மடங்கி வலிக்கிறது என்பதற்காக ரியர்செட் தேடுபவர் இதை முதலில் கவனிக்க வேண்டும். தவறான செட்டை வாங்கினால் வலி கூடும்.

பந்தயத் தேவை வேறு, நம் தேவை வேறு

இந்தச் சாமான் பிறந்தது பந்தயத் தடத்தில். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்ட்டின் நுனி. அதை மேலே தூக்கினால் இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம். சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களிலும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகும், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயிலும் ஓட்டுபவர்கள் காலை உயர்த்தியும் பின்தள்ளியும் வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

நம்மூர்க் கம்பெனியே இதை ஆலையில் பொருத்தித் தந்திருக்கிறது. ஓசூரில் இயங்கும் டிவிஎஸ், 2017 டிசம்பரில் ஆர்ஆர் 310-ஐ வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் அதே வண்டிக்கு ‘பில்ட் டு ஆர்டர்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாங்குபவர் விரும்பினால் ‘ரேஸ் கிட்’ என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் தாழ்ந்த ஹேண்டில்பார், உயர்த்திய ஃபுட்ரெஸ்ட், கால் வழுக்காதபடி சொரசொரப்பாக வெட்டிய மிதி ஆகியவை வரும். ஹேண்டில்பாரையும் ஃபுட்ரெஸ்ட்டையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்றின் கணக்கும் மாறும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்துச் சாலைகளோ நேராக ஓடுபவை. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஃபுட்ரெஸ்ட் உரசும் அளவுக்குச் சாய்க்க வேண்டிய வளைவு கிடையாது. ஊருக்குள் போகும் சாலைகளின் தொந்தரவு வேறு வகை. கரிசல் மண் மழையில் ஊறினால் உப்பும். கோடையில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார் அந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கோ திருச்சுழிக்கோ போகிறவருக்கு இந்த அலை நன்றாகத் தெரியும். இங்கே உதவுவது கால் ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்கிக்கொள்ள வசதியான ஃபுட்ரெஸ்ட். சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து ஆடு சட்டென்று குறுக்கே வந்தால் வலது கால் யோசிக்காமல் பிரேக்கில் இறங்க வேண்டும். சாய்மானக் கோணத்தைவிட இந்த இரண்டும் நமக்கு முக்கியம்.

ஆகவே இந்த வட்டாரத்தில் ஃபுட்ரெஸ்ட்டை மாற்றுவதற்கு ஒரே நியாயமான காரணம் உங்கள் உடம்பு. ஆறடிக்கு மேல் உயரம், பழைய முழங்கால் அடி, இடுப்பு வலி, பெரிய பாதம், கம்பெனி லீவருக்கு விரல் எட்டாத நிலை போன்றவை இருந்தால் மாற்றலாம். வண்டி பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக மாட்டுவதும் உங்கள் விருப்பம். அப்படிச் செய்வதானால், துளைகளில் மிகக் கீழான, மிக முன்னாலான இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உடம்பை அளப்பது

உட்காரும் சீட், கை பிடிக்கும் ஹேண்டில், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்று இடங்களில்தான் உடம்பு வண்டியைத் தொடுகிறது. ஃபுட்ரெஸ்ட் பின்னால் போகப் போக மேலுடம்பு முன்னே சரியும். அந்த எடையை மணிக்கட்டு தாங்கும். நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பதால் வலி தெரியாது. அருப்புக்கோட்டைக் கடைவீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது காற்று உதவாது. அங்கே மணிக்கட்டு கடுக்க ஆரம்பிக்கும். ஃபுட்ரெஸ்ட் மேலே போனால் முழங்காலும் இடுப்பும் கூடுதலாக மடங்கும். பத்து மி.மீ. என்பது ஸ்கேலில் சிறியது. இரண்டு மணி நேரம் ஓட்டியபின் அது பெரியது.

பணம் கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியைப் பேடக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டில் கை அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, இப்போதுள்ள ஃபுட்ரெஸ்ட்டின் மேல் சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏறி, ஓட்டும் நிலையிலேயே இருபது நிமிடம் உட்காருங்கள். என்ஜினைப் போட வேண்டாம்; இந்தக் கட்டையோடு வண்டியை நகர்த்தவும் கூடாது. தொடை இழுக்கிறதா, முழங்காலுக்குப் பின்னால் இறுக்குகிறதா என்று பாருங்கள். இன்னொரு துண்டைச் சேர்த்தால் 24 மி.மீ. உயரம் கிடைக்கும். பின்னால் நகர்வதைச் சோதிக்க, வண்டியின் இரு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் முதல் பிளைவுட் துண்டிலேயே தங்கள் பதிலைத் தெரிந்துகொள்வார்கள்.

எதை வாங்கலாம்

கடையில் ரியர்செட்டைக் கையில் எடுத்ததும் முதலில் ஃபுட்ரெஸ்ட்டை மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். மடங்கி, கையை விட்டதும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பந்தயத்துக்கான செட்களில் ஃபுட்ரெஸ்ட் மடங்காமல் ஒரே கட்டையாக இருக்கும். சாலையில் அது ஆபத்து. மடங்கும் ஃபுட்ரெஸ்ட் தரையிலோ கல்லிலோ தட்டினால் விலகிக்கொடுக்கும். மடங்காதது வண்டியையே தூக்கிவிடும். மடங்காத செட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து உலோகம். நல்ல செட்கள் 6061 அல்லது 7075 வகை அலுமினியக் கட்டியிலிருந்து சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டப்படுகின்றன. விளிம்புகளில் வெட்டிய கோடுகள் நேர்த்தியாகத் தெரியும். அச்சில் ஊற்றி, பளபளப்பாகப் பெயின்ட் அடித்த மலிவான செட்களும் அதே உருவத்தில் கிடைக்கின்றன. அவை வண்டி ஒரு தடவை சாய்ந்தாலே சட்டென்று முறியும். பிரேக் பெடலையும் கியர் லீவரையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே கடகடவென்று ஆடினால் உள்ளே பேரிங்கோ பித்தளை புஷ்ஷோ சரியில்லை. ஃபுட்ரெஸ்ட், லீவர் நுனி, பெடல் ஆகியவை தனித்தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். விழும்போது முதலில் போவது அவைதான்.

உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு இரண்டையும் சொல்லியே வாங்க வேண்டும். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு சேஸ் துளைகளும் பிரேக் சுவிட்சும் மாறியிருக்கும். குவிக்‌ஷிஃப்டர் உள்ள வண்டியானால், கியர் கம்பியில் இருக்கும் சென்சார் புதிய செட்டில் உட்காருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சீட்டுக்காரர்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ரியர்செட்களை மாட்டினால் பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றியாக வேண்டும். அதோடு சேலை கார்டும் போய்விடும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் பைக் என்றாலும் அது வீட்டு வண்டிதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதும் அதில்தான். ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்ணுக்கு ஊன்ற இடமில்லாமல் கால் தொங்கினால், சேலையோ துப்பட்டாவோ செயினுக்குப் பக்கத்தில் பறக்கும். பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்டையும் சேலை கார்டையும் அப்படியே வைத்துக்கொள்ள இடம் தராத செட் எவ்வளவு நல்ல உலோகமானாலும் நமக்கு வேண்டாம்.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவு விளக்குகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சொல்கிறது. சேஸை வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், கம்பெனி துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டும் செட்டில் இந்தச் சிக்கல் குறைவு. சேஸில் புதுத் துளை போட வேண்டும் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கம்பெனியே தரும் தொகுப்பு உங்கள் வண்டிக்கு இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வாரண்டி, இன்சூரன்ஸ் பேச்சு எல்லாவற்றுக்கும் அதுவே சுத்தமான வழி.

வேலைக்கு உட்காருவது

4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ, 8, 10, 12 ஸ்பேனர், சர்க்லிப் பிளையர், கூர்மூக்கு பிளையர், பேடக் ஸ்டாண்ட், நீல நிற லாக்டைட், கிரீஸ், பழைய துணி ஆகியவை வேண்டும். டார்க் ரெஞ்ச் கட்டாயம். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் பட்டறையில் அரை நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் மரை மெல்லியது. கை முறுக்கை நம்பினால் ஒரு நாள் மரை கழன்று போல்ட் சும்மா சுற்றும். அப்படி ஆகிவிட்டால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் போட்டுச் சரிசெய்யலாம். போல்ட்டைப் பெரிதாக்கித் திணிக்கக் கூடாது.

சிமென்ட் தரையில், நிழலில், காலை வேளையில் உட்காருங்கள். வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள். கரிசல் வெடிப்பில் விழுந்த வாஷரை யாரும் எடுத்ததில்லை. அவிழ்க்கும் முன் இரு பக்கமும் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸ் எந்தக் கிளிப்பின் வழியாகப் போகிறது, சுவிட்ச் ஒயர் எங்கே திரும்புகிறது என்பவை தெளிவாகத் தெரிய வேண்டும். கழற்றிய போல்ட்களைப் பக்கவாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடியும்வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள்.

கியர் பக்கம்

இடப்பக்கம் எளிது, அங்கிருந்து தொடங்கலாம். கியர் ஷாஃப்ட்டில் பல் வெட்டிய முனையும் அதைக் கவ்வும் சின்னக் கையும் இருக்கும். கழற்றும் முன் இரண்டுக்கும் நேராக வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் லீவரின் உயரம் மாறிவிடும். கையைக் கவ்வும் போல்ட்டை முழுதாக வெளியே எடுத்தபின்தான் கையை உருவ வேண்டும்; சில வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்.

கியர் கம்பியின் ஒரு முனையில் வழக்கமான மரையும் மறு முனையில் எதிர் மரையும் இருக்கும். அதனால்தான் இரு முனையையும் கழற்றாமல், கம்பியைச் சுற்றினாலே நீளம் கூடவும் குறையவும் செய்கிறது. எதிர் மரைப் பக்கத்து லாக் நட்டை வழக்கமான திசையில் அவிழ்க்கப் போய் முறித்தவர்கள் உண்டு, நிதானமாகப் பாருங்கள். கம்பியை எவ்வளவு நீட்டினாலும் ஒவ்வொரு முனையிலும் குறைந்தது போல்ட்டின் கனத்துக்குச் சமமான நீளமாவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். 6 மி.மீ. கம்பியென்றால் 6 மி.மீ. அதற்குமேல் நீட்டத் தேவைப்பட்டால் கம்பியே குட்டை. நீளமான கம்பி வாங்குங்கள்.

கியர் கம்பியும் அது இழுக்கும் கையும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். கோணம் விலகினால் லீவர் கனமாகும். கியர் பாதியில் நின்று நியூட்ரலில் விழும். ஃபுட்ரெஸ்ட்டை உயரமான துளைக்கு மாற்றும்போது இந்தக் கோணம் கெடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. லீவர் நுனியின் உயரத்தை நீங்கள் தினமும் போடும் காலணியோடு சரிபாருங்கள். நுனிக்கு அடியில் ஷூ இழுபடாமல் நுழைய வேண்டும். மேலே வைத்தால் பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றியபடியே அழுத்த முடிய வேண்டும். ரப்பர் செருப்போடு ஓட்டுவது எந்த வண்டியிலும் தப்பு. சொரசொரப்பாக வெட்டிய ரியர்செட் ஃபுட்ரெஸ்ட்டில் செருப்பு மாட்டிக்கொண்டு கிழியும்.

முடித்ததும் என்ஜினை அணைத்த நிலையில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் லீவர் நடுநிலைக்குத் தானாகத் திரும்ப வேண்டும். சைடு ஸ்டாண்டை மடக்கி விரித்துப் பாருங்கள். லீவரிலோ கம்பியிலோ அது தட்டக் கூடாது.

பிரேக் பக்கம்

இந்த அத்தியாயத்தில் எதைத் தாண்டிப் படித்தாலும் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

பெடலை மிதித்தால் அதோடு சேர்ந்த புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பிய நிலையில்தான், பிரேக் லைனில் இருக்கும் ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குப் போக உதவும் சின்னத் துளை திறந்திருக்கும். புதிய செட்டில் புஷ் ராடு ஒரு பொட்டு நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. அந்தத் துளை மூடியே இருக்கும். வண்டி ஓடும்போது ஆயில் சூடாகி விரியும். போக வழியில்லாமல் காலிப்பரைத் தள்ளும். பேட் டிஸ்க்கில் லேசாக உரசும். உரசலில் சூடு கூடும். சூட்டில் ஆயில் இன்னும் விரியும். கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில், தார் கொதிக்கும் நேரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆகவே பிரீ பிளே இருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். பெடல் நுனியை விரலால் மெல்ல அழுத்துங்கள். முதல் சில மி.மீ. எந்த எதிர்ப்பும் இல்லாமல் போய், பிறகுதான் பிஸ்டனின் கனம் விரலில் தெரிய வேண்டும். தொட்டவுடனே கனம் தெரிந்தால் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குட்டையாக்குங்கள். பெடல் உயரம் பிடிக்கவில்லை என்பதற்காகப் புஷ் ராடை நீட்டி உயர்த்துகிற பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பெடல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு நிறுத்து போல்ட் இருக்கும். உயரத்தை அதில் சரிசெய்துவிட்டு, பிரீ பிளேயைப் புஷ் ராடில் சரிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டரை ஹோஸோடு சேர்த்தே புதிய தகட்டில் மாட்ட முடிந்தால் நல்லது. ஆயிலைத் திறக்க வேண்டியதில்லை. ஹோஸைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரு பக்கத்துச் செம்பு வாஷரும் புதிதாகப் போட வேண்டும். டப்பா மூடியில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதே வகை பிரேக் ஆயிலைப் புதிதாக உடைத்து ஊற்றி, காற்றை முழுக்க எடுக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போன வருடம் திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். பெயின்டில் சிந்தினால் அதை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் காற்று எடுக்கும் வேலையை, அந்த மாடலில் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

அடுத்தது பிரேக் லைட் சுவிட்ச். கம்பெனி பெடலில் ஸ்பிரிங் கொக்கி ஒன்று சுவிட்சை இழுக்கும். ரியர்செட் பெடலில் அதற்கான கொக்கித் துளை இல்லாவிட்டால், ஹோஸ் இணைப்பு போல்ட்டுக்குப் பதிலாக அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் போடலாம். சுவிட்சையே கழற்றி ஒயரை டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள் சிலர். இரவில் நான்குவழிச் சாலையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் நிறுத்துவது தெரிய அந்த விளக்கைத் தவிர வேறு வழியில்லை. லேசாகப் பெடலைத் தொட்டாலே விளக்கு எரிய வேண்டும். காலை எடுத்ததும் அணைய வேண்டும்.

கடைசியாகச் சைலன்சருக்கும் பெடலுக்கும், ஹோஸுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். ஒருவரைப் பின்சீட்டில் உட்கார்த்தி, சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போதும் பாருங்கள். நம் சாலையின் அலையில் அது அடிக்கடி முழுதாக இறங்கும்.

முடுக்குவதும் ஓட்டிப் பார்ப்பதும்

உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலோ செட்டோடு வந்த தாளிலோ முறுக்கு அளவு இருக்கும். அதுவே கடைசி வார்த்தை. பொதுவாக 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவும், அலுமினியத்தில் பிடிக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20-ஐ ஒட்டியும் இருக்கும். மரையைத் துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்து, ஒரு சொட்டு நீல லாக்டைட் விட்டு முடுக்குங்கள். சிவப்பு லாக்டைட் போட்டால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ஃபுட்ரெஸ்ட் மடங்கும் பின்னுக்கும் லீவர் சுழலும் இடத்துக்கும் கிரீஸ் வையுங்கள். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இப்போது பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பெடலை மிதித்து நிறுத்தி, காலை எடுத்து, மறுபடி சுற்றுங்கள். முன்போலவே இலகுவாகச் சுற்ற வேண்டும். பிறகு ஊர்ச் சாலையில் மெதுவாக, பின் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் போங்கள். முன் பிரேக்கில் நின்று, பின் டிஸ்க்கின் அருகில் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடக் கூடாது. அனல் அடித்தால் பேட் உரசுகிறது. அங்கேயே புஷ் ராடைப் பாருங்கள். இதற்காக முதல் சில நாட்கள் லாக் நட்டுக்கான ஸ்பேனரைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழியில் பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ராடைக் குட்டையாக்கியும் விடாவிட்டால் காலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் விடும். அப்படிச் செய்தபின் பின் பிரேக்கை நம்பக் கூடாது. வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போவதே நல்லது.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கோடுகளையும் பாருங்கள். அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கரிசல் சேறு லீவர் மூட்டுக்குள் புகுந்து காய்ந்தால் கல் மாதிரி இறுகும். பெடல் அழுத்தியபடியே நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, புதிதாகக் கிரீஸ் வையுங்கள். தூத்துக்குடி, சாயல்குடிப் பக்கம் கடலோரமாகப் போய்வந்தாலும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் பிடித்திருக்கும் இடத்தை உப்பு அரிக்கும்.

முதல் வாரத்தில் வலது கால் பழைய பெடலைத் தேடும். பெடல் இருக்கும் இடம் பழகும்வரை பின்சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள். இரவுப் பயணமும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் மணிக்கட்டோ முழங்காலோ வலித்தால் ஒரு துளை கீழே, ஒரு துளை முன்னே மாற்றிப் பாருங்கள். மாற்றும்போதெல்லாம் கியர் கம்பியின் கோணத்தையும் பிரேக்கின் பிரீ பிளேயையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். எல்லாத் துளையும் முயன்று வலி போகவில்லையென்றால் கம்பெனி செட்டையே திரும்ப மாட்டுங்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: கழற்றிய ஃபுட்ரெஸ்ட், பெடல், சுவிட்ச், போல்ட் எதையும் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வண்டியின் பதிவெண்ணை எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போதும், பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போதும் அந்தப் பழைய செட் தேவைப்படும்.